ரேஞ்ச் இல்லாத மலையில் செயற்கைக்கோள் தொடர்பு: முழுமையான வழிகாட்டி

கீழே போடியில் 'டவர் இல்லை' என்பார்கள். மேலே மூணாறு வந்துவிட்டால் அதே சங்கதிக்கு 'ரேஞ்ச் இல்ல' என்று பெயர் மாறிவிடும். எப்படிச் சொன்னாலும், இரண்டு ஊருக்கும் நடுவே கிடக்கும் சோலைக்காட்டில் கைப்பேசி என்பது ஒரு டார்ச் லைட்டும் கேமராவும்தான். எங்கள் எஸ்டேட் பக்கம் ஒவ்வொரு லயத்துக்கும், அதாவது தொழிலாளர் குடியிருப்பு வரிசைக்கும், ஒரு 'ரேஞ்ச் பாறை' உண்டு. சாயங்காலம் ஆனால் வெளியூரில் படிக்கிற பிள்ளைகளோடு பேசுவதற்கு நாலு பேர் அந்தப் பாறை மேல் ஏறி நிற்பார்கள். காற்றடித்தால் அந்த ரேஞ்சும் போய்விடும்.

2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு பக்கத்துப் பெட்டிமுடியில் மண் சரிந்து லயங்களை மூடியது. இறந்தவர்கள் 70 பேர், பெரும்பாலும் நம் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள். மழையில் கரண்டும் ஃபோனும் செத்துக் கிடந்ததால் சேதி வெளியே வருவதற்குள் விடிந்துவிட்டது. அந்தக் காலைக்குப் பிறகுதான் செயற்கைக்கோள் தொடர்பு விஷயத்தை நான் ஒழுங்காகப் படிக்க ஆரம்பித்தேன். பறவைக் கணக்கெடுப்பு, செடி ஆய்வு, மருத்துவ முகாம் என்று வருகிற குழுக்களோடு மறையூரிலிருந்து குமுளி வரை நடந்ததில் கற்றதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். மலையேற்றத்துக்கு வருகிறவர்களுக்கும் இதே கணக்குதான்.

1. வாங்கும் முன் ஓட்டையைத் தேடுங்கள்

செயற்கைக்கோள் ஃபோன் உண்மையிலேயே தேவையா என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். போகப்போகும் பாதையில் எந்தக் கம்பெனி சிம் எங்கே எடுக்கிறது என்று உள்ளூர்க்காரர்களிடம் கேளுங்கள். ஜீப் டிரைவர்களைப் போல இதில் துல்லியமான ஆட்கள் கிடையாது. 'அந்த வளைவு தாண்டினா பிஎஸ்என்எல் மட்டும் ஒரு கட்டை' என்று அடி அளவில் சொல்வார்கள். குழுவில் ஆளுக்கு ஒரு கம்பெனி சிம் இருந்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

எல்லையில் இன்னொரு கூத்து உண்டு. குரங்கணியிலிருந்து டாப் ஸ்டேஷன் ஏறும்போது ஃபோன் தமிழ்நாட்டு டவருக்கும் கேரள டவருக்கும் மாறி மாறித் தாவும். 112 எண்ணை எந்த கம்பெனி டவர் கிடைத்தாலும் அழைக்கலாம். உங்கள் சிம்முக்குச் சிக்னல் இல்லாவிட்டாலும் போகும். ஆனால் எடுப்பவர் எந்த மாநிலத்துக்காரர் என்பது டவரைப் பொறுத்தது. அதனால் வாயைத் திறந்ததும் 'தேனி மாவட்டம்' அல்லது 'இடுக்கி மாவட்டம்' என்று சொல்லிவிட்டு மற்றதைப் பேசுங்கள்.

ஜிபிஎஸ்ஸுக்கு டவர் வேண்டாம். செயற்கைக்கோள்கள் அனுப்புவதை ஃபோன் கேட்கிறது, அவ்வளவுதான். ஆஃப்லைன் வரைபடத்தை வீட்டிலேயே இறக்கிக்கொண்டால் ஃபிளைட் மோடிலும் நீங்கள் நிற்கும் இடம் தெரியும். ஆனால் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று உங்களுக்குத்தான் தெரியும், கீழே இருப்பவருக்குத் தெரியாது. புதிதாக வருகிற பலர் இதில்தான் ஏமாறுகிறார்கள். 'ஜிபிஎஸ் இருக்கே, கண்டுபிடிச்சுடுவாங்க' என்று சொன்ன ஒரு பையனுக்கு இதை விளக்க எனக்கு அரை மணி நேரம் பிடித்தது.

2. சட்டம்: இதைத் தாண்டாமல் எதையும் வாங்காதீர்கள்

இந்தியாவில் செயற்கைக்கோள் ஃபோன் என்பது காசு இருந்தால் வாங்கிவிடும் பொருள் இல்லை. துராயா, இரிடியம் என்ற இரண்டு வெளிநாட்டுச் சேவைகளின் ஃபோன்களையும் அனுமதி இல்லாமல் வைத்திருப்பதே குற்றம். 2008 மும்பைத் தாக்குதல்காரர்கள் துராயா ஃபோன் பயன்படுத்தினார்கள். அதற்குப் பின் கெடுபிடி இன்னும் கூடியது. நாட்டுக்குள் இருக்கும் தரைநிலையம் வழியாக அழைப்பு போகாவிட்டால் யார் யாரோடு பேசினார் என்று அரசுக்குத் தெரியாது. அதுதான் அவர்களுடைய கவலை.

நம் பக்கத்தில் ஆபத்து வேறு வழியில் வரும். கல்ஃபிலிருந்து லீவுக்கு வரும் மச்சான் 'அங்க கடையிலயே விக்கிறான்' என்று ஒரு துராயாவைப் பெட்டியில் போட்டுக்கொண்டு வருவார். அங்கே அது சாதாரணம், இங்கே விமான நிலையத்திலேயே வழக்கு. மலையேறிகள் பிரியமாக வாங்கும் கார்மின் இன்ரீச்சும் இதில்தான் அடங்கும். பேச்சு கிடையாது, குறுஞ்செய்தி மட்டும்தான் என்றாலும் அது போவது இரிடியம் வழியாக. அதைப் பையில் வைத்திருந்த வெளிநாட்டுப் பயணிகளை கோவா உள்ளிட்ட விமான நிலையங்களில் பிடித்து விசாரித்திருக்கிறார்கள். உங்கள் குழுவில் வெளிநாட்டு நண்பர் யாராவது இருந்தால், டிக்கெட் போடும் முன்பே இதைச் சொல்லிவிடுங்கள்.

நேர்வழி ஒன்றுதான்: பிஎஸ்என்எல். இன்மார்சாட் என்ற வெளிநாட்டு நிறுவனத்துச் செயற்கைக்கோள்களின் சேவையை அவர்கள் 2017 முதல் தருகிறார்கள். அதற்கான தரைநிலையம் காஜியாபாத்தில் இருக்கிறது, கருவி பெரும்பாலும் ஐசாட்ஃபோன் 2. பிஎஸ்என்எல் அலுவலகத்தில் விண்ணப்பித்து, தொலைத்தொடர்புத் துறையின் அனுமதிக்கு உட்பட்டு வாங்க வேண்டும். யார் பயன்படுத்துவார், எதற்கு, எந்தப் பகுதியில் என்பதைத் தெளிவாக எழுதுங்கள். 'சாகசப் பயணம்' என்று ஒற்றைச் சொல்லில் எழுதிக் கொடுத்தால் எதிரில் இருப்பவர் உங்களை மேலும் கீழும் பார்ப்பார். விலையைக் கேட்டதும் நீங்களும் அவரை அப்படித்தான் பார்ப்பீர்கள். தனி ஆளாக வாங்குவதை விட, ஒரு நிறுவனமோ ஆய்வுக் குழுவோ வாங்கி, பொறுப்பான ஒருவர் கையில் வைத்திருப்பது புத்திசாலித்தனம்.

வாங்கிய பின் அனுமதிக் கடிதத்தையும் பில்லையும் நகலெடுத்து ஃபோனோடு ஒரே கவரில் வையுங்கள். போடிமெட்டு, சின்னாறு, குமுளி என்று செக்போஸ்ட் தாண்டும் ஊர் இது. அப்புறம், இரவல் கொடுக்காதீர்கள். அனுமதி உங்கள் பெயரில் இருக்கிறது.

3. எந்தக் கருவி எதற்கு

ஐசாட்ஃபோன் பேசும் கோள் நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில், நம் பார்வைக்கு அசையாமல் நிற்கிறது. இரிடியத்தின் 66 கோள்கள் 780 கிலோமீட்டர் உயரத்தில் ஓடிக்கொண்டே இருப்பவை. இமயமலைக்காரர்கள் இரிடியத்தைப் புகழ்வதற்குக் காரணம் உண்டு. அங்கிருந்து பார்த்தால் நிற்கும் கோள் தெற்கே சாய்ந்திருக்கும், ஒரு மலை மறைத்தால் போச்சு. நமக்கு அப்படி இல்லை. மூணாறு நிலநடுக்கோட்டிலிருந்து வெறும் 10 பாகை வடக்கே இருப்பதால், இந்தியப் பெருங்கடலுக்கு மேல் நிற்கும் கோள் தெற்குப் பக்கம் உச்சிக்குக் கொஞ்சம் கீழேதான் இருக்கும். பள்ளத்தாக்குக்குள் இறங்கினாலும் பெரும்பாலும் தெரியும். சட்டம் நமக்கு விட்டுவைத்த ஒரே ஃபோன் நம் மலைக்குப் பொருந்திப்போனது நம் அதிர்ஷ்டம்.

பிஎல்பி என்ற தனிநபர் அபாய விளக்கு இன்னொரு வகை. 406 மெகாஹெர்ட்ஸில் காஸ்பாஸ்-சார்சாட் என்ற சர்வதேச மீட்பு ஏற்பாட்டின் கோள்களுக்கு 'ஆபத்து' என்று மட்டும் சொல்லும். இந்தியாவுக்கான கட்டுப்பாட்டு மையம் பெங்களூரில், இஸ்ரோவிடம் இருக்கிறது. பேசவும் முடியாது, என்ன ஆபத்து என்று விளக்கவும் முடியாது. ஆனால் ஒருமுறை இயக்கினால் குறைந்தது 24 மணி நேரம் கத்திக்கொண்டே இருக்கும். கருவியை அந்த மையத்தில் பதிவு செய்ய வேண்டும். இதுவும் அலைபரப்பும் கருவிதான், வாங்கும் முன் உரிமம் பற்றிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஐஃபோனில் செயற்கைக்கோள் எஸ்ஓஎஸ் 2022 நவம்பரில் அமெரிக்காவிலும் கனடாவிலும் வந்தது. விளம்பரப் படத்தைப் பார்த்துவிட்டு நம் ஊரிலும் வேலை செய்யும் என்று நம்பி ஏறாதீர்கள். ஸ்டார்லிங்க் வகையறா செயற்கைக்கோள் இணையத் தட்டு ஒரு முகாமுக்கோ எஸ்டேட் பங்களாவுக்கோ சரி. முதுகில் சுமந்து நடப்பவனுக்கு இல்லை.

இந்த விஷயத்தில் மலைக்காரர்களை விடக் கடல்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள். மீனவர்களுக்கென்றே இஸ்ரோ அபாய அறிவிப்புக் கருவி செய்திருக்கிறது. 2024 ஜனவரியில் வந்த அதன் இரண்டாம் தலைமுறை, 'உங்கள் செய்தி கிடைத்தது' என்று படகுக்குப் பதிலும் அனுப்பும். அப்படி ஒன்று காட்டுக்கும் வந்தால் நன்றாயிருக்கும்.

4. வானத்தோடு பழகுங்கள்

கருவி கைக்கு வந்ததும் மலைக்குத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். மொட்டை மாடியில் நாலு நாள் பழகுங்கள்.

ஐசாட்ஃபோன் முதலில் ஜிபிஎஸ்ஸில் தன் இடத்தைக் கண்டுபிடிக்கும், அதன் பிறகுதான் கோளோடு பதிந்துகொள்ளும். இது தெரியாமல், ஆன் செய்த அரை நிமிடத்தில் 'வேலை செய்யல' என்று அணைத்துவிட்டு மறுபடி ஆன் செய்து, முதலிலிருந்து தேட வைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆன் செய்யுங்கள், ஆண்டெனாவை விரித்து வானத்தைப் பார்க்க நிறுத்துங்கள், திரையில் பதிவு காட்டும் வரை கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள்.

மலை மறைப்பதை விட இலை மறைப்பதுதான் நம் காட்டில் பெரிய தொல்லை. இந்த ஃபோன் பயன்படுத்தும் அலை மேகத்தையும் மழையையும் கடந்து வந்துவிடும். ஈரம் சொட்டும் சோலையின் இலைக்கூரையைத்தான் கடக்கத் திணறும். டாப் ஸ்டேஷனுக்குக் கீழே ஒரு சோலையில், ஜூலை மாதம், கால் மேல் அட்டை ஏற ஏறப் பத்து நிமிடம் நின்றோம். திரையில் தேடல் சுற்றிக்கொண்டே இருந்தது. சோலை ஓரத்துப் புல்வெளிக்கு நாற்பது அடி நடந்தோம், நின்ற இடத்தில் பதிந்துகொண்டது. அன்றிலிருந்து காட்டுக்குள் போகும்போதே 'பேசும் இடம்' என்று வெட்டவெளிகளை வரைபடத்தில் குறித்துக்கொண்டே போவது வழக்கமாகிவிட்டது.

வெட்டவெளிக்கு இரண்டு எச்சரிக்கை. புல்வெளி யானைக்கும் காட்டுமாட்டுக்கும் மேய்ச்சல் இடம், ஓரத்தில் நின்று ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு இறங்குங்கள். இரண்டாவது, சித்திரை வைகாசியிலும் ஐப்பசியிலும் மத்தியானத்துக்கு மேல் இடி கட்டும். அந்த நேரத்தில் மலை முகட்டில் நின்று ஃபோன் பேசாதீர்கள். கொஞ்சம் இறங்கிச் சரிவில் நில்லுங்கள்; கோள் உச்சியில் இருப்பதால் அங்கிருந்தும் கிடைக்கும்.

பேசும்போது குரல் மேலே போய் இறங்கக் கால் நொடி ஆகும், பதில் வர இன்னொரு கால் நொடி. கேட்க அற்பமாக இருக்கும். முதல் சோதனை அழைப்பை மறையூரில் இருக்கும் சித்திக்குப் போட்டேன். நான் 'சித்தி' என்றேன், பதில் இல்லை என்று மறுபடி 'சித்தி' என்றேன், அதற்குள் அவர் 'யாரு' என்றார், இருவரும் சேர்ந்து 'ஹலோ ஹலோ' என்று ஒரு நிமிடக் காசைக் கரைத்தோம். 'கெணத்துக்குள்ளருந்து பேசுறியாடா?' என்று கேட்டார். ஒருவர் பேசி முடித்து 'ஓவர்' சொன்ன பிறகே மற்றவர் வாயைத் திறப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். காதில் வைத்துப் பேசினால் தலையோடு ஆண்டெனாவும் சாயும். புளூடூத் ஹெட்செட் மாட்டிக்கொண்டு ஃபோனைப் பாறை மேல் நிறுத்திவிடுவது மேல்.

5. சேதியை எழுதும் விதம்

ஆபத்தில் பேச்சை விடக் குறுஞ்செய்தி நல்லது. பேட்டரி மிச்சமாகும், கீழே இருப்பவர் திரும்பத் திரும்பப் படிக்கலாம். ஆனால் இடமும் மொழியும் இரண்டு பொறிகள்.

இடத்தை எடுத்துக்கொள்வோம். டாப் ஸ்டேஷன் பக்கம் நிற்கிறீர்கள், ஃபோன் 10.15, 77.23 என்று காட்டுகிறது. இது தசமக் கணக்கு. இதையே கீழே ஒருவர் 10 பாகை 15 கலை, 77 பாகை 23 கலை (ஒரு பாகைக்கு 60 கலை) என்று படித்தால், தேடுகிற ஆட்கள் சுமார் 20 கிலோமீட்டர் தள்ளி கொடைக்கானல் மலைக்காட்டில் இறங்குவார்கள். புள்ளிக்குப் பின் எப்போதும் நாலு இலக்கம் எழுதுங்கள், பத்துப் பதினோரு மீட்டருக்குள் வந்துவிடும். முன்னால் 'தசமம்' என்று ஒரு சொல்லும் போட்டால் யாரும் கலை என்று படிக்க மாட்டார்கள். எண்ணோடு, உள்ளூர் ஆட்கள் சொல்லும் இடப்பெயரையும் சேருங்கள். 'சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு மேலே ஓடை ஓரம்' (குரங்கணிப் பாதையில் உள்ள இடம், ரயில் நிலையம் இல்லை) என்றால் குரங்கணிக்காரர் கண்ணை மூடிக்கொண்டு வந்துவிடுவார்.

மொழி இன்னும் வேடிக்கை. இந்தக் கருவியில் தமிழ் எழுத்து அடிக்க வழியில்லை, ஆங்கில எழுத்தில் தமிழை அடிக்க வேண்டும். அப்படி அடித்தால் கல்லும் காலும் ஒன்றுதான். 'கால் உடைந்தது' என்று அனுப்பியதைக் 'கல் உடைந்தது' என்று படித்து, பாறை சரிந்துவிட்டதோ என்று ஒரு கூட்டம் மண்வெட்டியோடு கிளம்ப இருந்தது. ஆங்கிலம் தெரிந்தவர் கீழே இருந்தால் ஆங்கிலத்திலேயே எழுதுங்கள். இல்லையென்றால் ஒரு சின்னப் பட்டியல் போட்டு, 1 என்றால் எலும்பு முறிவு, 2 என்றால் பாம்புக்கடி, 3 என்றால் வழி தவறினோம் என்று இருவரும் ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

சேதியில் இந்த வரிசை போதும்: எங்கே, எத்தனை பேர், என்ன ஆயிற்று, இப்போது என்ன செய்கிறோம், அடுத்து எப்போது ஃபோனைத் திறப்போம். உதாரணமாக:

'தசமம் 10.1500 வடக்கு, 77.2300 கிழக்கு. 5 பேர். ஒருவருக்கு வலது கணுக்கால் முறிவு, நினைவு இருக்கிறது, நடக்க முடியாது. இங்கேயே இருக்கிறோம், தண்ணீர் உண்டு. அடுத்து மாலை 4 மணி.'

கடைசி வரியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அது இல்லாவிட்டால் கீழே இருப்பவர் மணிக்கணக்கில் அணைந்த ஃபோனுக்கு அழைத்துக்கொண்டிருப்பார்.

6. கீழே ஒரு ஆள்

என்னைக் கேட்டால், இந்த வழிகாட்டியில் மற்ற எல்லாவற்றையும் மறந்தாலும் இதை மட்டும் செய்யுங்கள். ஃபோன் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், சேதி போய் விழும் இடத்தில் என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்த ஒருவர் இருக்க வேண்டும். சென்னையில் இருக்கும் நண்பருக்கு 'ஆபத்து' என்று அனுப்பினால் அவர் பதறுவார். பதறி முடித்து இடுக்கி எந்தப் பக்கம் என்று தேடுவார்.

மலையடிவாரத்தில் இருப்பவராக ஒருவரைப் பிடியுங்கள். அவரிடம் ஒரு தாளைக் கொடுங்கள்: போகிறவர்களின் பெயர், வயது, இரத்த வகை, மருந்து ஒவ்வாமை, பாதை, ராத்தங்கும் இடம். அதோடு தொடர்பு எண்கள், இரண்டு மாநிலத்துக்கும். வனச்சரக அலுவலகம், காவல் நிலையம், பக்கத்து ஆஸ்பத்திரி, ஜீப் டிரைவர். இதே எண்களை உங்கள் செயற்கைக்கோள் ஃபோனிலும் +91 சேர்த்து முழுசாக ஏற்றுங்கள். அதில் 112 போன்ற குறுகிய எண்களை நம்ப வேண்டாம்.

தாளின் அடியில் இரண்டு நேரம் எழுதுங்கள். மாலை 5 மணிக்குள் சேதி வரவில்லை என்றால் அவர் உங்களை அழைப்பார். 7 மணிக்கும் இல்லை என்றால் உங்களைக் கேட்காமலே வனத்துறையை அழைப்பார். இந்த இரண்டாவது நேரம் ஃபோன் ஆற்றில் விழுந்தாலும் வேலை செய்யும்.

அனுமதியோடு போவதும் இதில் பாதி. 2018 மார்ச் 11 குரங்கணிக் காட்டுத்தீயில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்த பிறகு தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கு விதிமுறைகள் வந்தன. 2024 அக்டோபர் முதல் 'ட்ரெக் தமிழ்நாடு' வழியாக 40 பாதைகளுக்கு இணையத்திலேயே பதிவு செய்யலாம். முறையாகப் பதிந்தால் உங்கள் பெயரும் தலைக்கணக்கும் ஏற்கெனவே ஒரு வன அலுவலகத்தில் இருக்கும், கூடவே காட்டைத் தெரிந்த வழிகாட்டியும் வருவார். திருட்டு வழியில் எல்லை தாண்டி நடப்பவர்கள் ஆபத்து வந்தாலும் அழைக்கத் தயங்குவார்கள்.

7. பேட்டரி, மழை

ஐசாட்ஃபோன் 2 பேச்சுக்கு 8 மணி நேரம், சும்மா இருந்தால் 160 மணி நேரம் என்பது கம்பெனிக் கணக்கு. இலைக்கூரைக்கு அடியில் கோளைத் தேடிக்கொண்டே இருந்தால் இந்தக் கணக்கு நிற்காது. அணைத்து வைத்து, காலை 7, மாலை 4 என்று இரு வேளை மட்டும் திறங்கள். மார்கழி தை மாதக் குளிரில் இரவு பேட்டரியைத் தூக்கப்பைக்குள் போட்டுக்கொள்ளுங்கள். ஆபத்துக்கான பவர் பேங்கைத் தனியாக முடிச்சுப் போட்டு வையுங்கள். படம் எடுக்கிற பையன்கள் கண்ணில் பட்டால் மாலைக்குள் காலியாகிவிடும்.

8. செயற்கைக்கோள் ஃபோன் கிடைக்காவிட்டால்

பெரும்பாலானவர்களுக்கு இதுதான் நிலைமை. ஆறாவது படி அப்படியே இருக்கட்டும். காயம் பட்டவரோடு ஒருவர் இருக்க, இருவராக ரேஞ்ச் பாறைக்கு நடக்கும் ஏற்பாட்டைக் கிளம்பும் முன்பே பேசி வையுங்கள். தனியாக யாரையும் அனுப்பாதீர்கள். விசில் ஆளுக்கு ஒன்று. இந்த மலையின் பழங்குடிகளான முதுவர் குடியைச் சேர்ந்த ஒருவர் கூட வந்தால் பாதிக் கவலை இல்லை.

ஆர்வம் இருந்தால் ஹாம் ரேடியோ, அதாவது ஆர்வலர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் வானொலி, கற்றுக்கொள்ளுங்கள். தேர்வு எழுதி உரிமம் வாங்க வேண்டும், 12 வயது ஆனாலே எழுதலாம். கேரளத்தில் 2018 வெள்ளத்திலும் 2024 வயநாடு நிலச்சரிவிலும் ஹாம்காரர்கள் உதவிக்கு நின்றார்கள். தச்சர் அளக்கும் இரும்பு இஞ்ச் டேப்பை வெட்டி பிவிசி குழாயில் கட்டினால் ஒரு ஆண்டெனா. அதையும் ஒரு கையடக்க ரேடியோவையும் வைத்துக்கொண்டு எஸ்ஓ-50 என்ற ஹாம் செயற்கைக்கோளைப் பிடிக்கலாம். 145.850 மெகாஹெர்ட்ஸில் மேலே பேசி, 436.795 அருகில் கீழே கேட்க வேண்டும். கோள் ஓடுவதால் கேட்கும் அலைவரிசை நகர்ந்துகொண்டே போகும், நீங்களும் குமிழைத் திருப்பிக்கொண்டே போக வேண்டும். பத்துச் சொச்சம் நிமிடத்தில் மலைக்குப் பின்னால் மறைந்துவிடும். உயிருக்கு இதை நம்ப முடியாது, ஆனால் வானத்தைப் படிக்க இதைவிட நல்ல வாத்தியார் இல்லை.

9. இறங்கியதும்

'இறங்கிட்டோம்' என்ற சேதியை அனுப்பிவிட்டு அப்புறம் டீ குடியுங்கள். ஒருமுறை குரங்கணியில் இறங்கி, பசியில் பரோட்டாவுக்கு உட்கார்ந்து, பேச்சு சுவாரஸ்யத்தில் மணியைப் பார்க்கவில்லை. ஏழு அடித்து இரண்டு நிமிடம் ஆனதும் போடியில் இருந்த என் மைத்துனர் தாளில் எழுதியபடியே வனத்துறையை அழைத்துவிட்டார். கடைக்கு வெளியே ஜீப் வந்து நின்றது. இறங்கிய வனக்காப்பாளர் எங்களை எண்ணிப் பார்த்தார், ஐந்து பேரும் இருந்தோம். பெஞ்சில் இடம் ஒதுக்கிக் கொடுத்தோம். 'எனக்கும் ரெண்டு சொல்லுங்க' என்றார். பில் என் தலையில்.